காலையில் பிடித்த சூரை, இரவில் இருவரை மருத்துவமனைக்கு அனுப்பியது: எங்கே தவறினோம்?

ஆறுபேர் படகு கேட்கிறார்:

நாங்கள் ஆறு பேர். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை, கடல் அடங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிறோம். விடியுமுன் கிளம்பினால் கரை திரும்ப இரண்டு, இரண்டரை மணி ஆகிவிடும். பிடித்த மீனை அன்றிரவே என் வீட்டுப் பின்கட்டில் கரி அடுப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிடுவோம். மாதத்தின் மற்ற நாட்களை அந்த ஓர் இரவை நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

ஆனால் எங்கள் மீன் ருசிப்பதில்லை. சதை குழைந்து போகிறது, எலும்பை விட்டுக் கழன்று விழுகிறது, கவிச்சி வாடை அடிக்கிறது. சந்தையில் வாங்கும் மீன் இதைவிட நன்றாக இருக்கிறது என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். காலையில் துள்ளிய மீன், யார் யார் கையிலோ மாறி வந்த சந்தை மீனுக்குத் தோற்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற மாதம் நடந்தது இதைவிட மோசம். காலை 9 மணியளவில் சூரைக் கூட்டம் ஒன்று எங்களைச் சூழ்ந்தது. பறவைகள் கீழே பாய்ந்தன, தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ்ந்தது, போட்ட தூண்டில் எல்லாம் ஒரே நேரத்தில் வளைந்தன. 40 நிமிடத்தில் 11 மீன். அத்தனையையும் பிளாஸ்டிக் கூடையில் போட்டு, கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடி வைத்தோம். ஐஸ் பெட்டி இருந்தது. அதற்குள் குடிநீர் பாட்டில்களும் பழங்களும் இருந்தன. கரைக்கு வந்த பிறகே மீனுக்கு ஐஸ் போட்டோம்.

அன்றிரவு சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, இருவருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்தன. தலைவலி, நெஞ்சு படபடப்பு. ஒருவனுக்கு மார்பெல்லாம் தடிப்பு. மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஊசி போட்டார்கள், விடிவதற்குள் சரியாகிவிட்டது. மீன் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதே மீனைச் சாப்பிட்ட மற்ற நால்வருக்கு ஒன்றுமில்லை. மீன் வேகவில்லை என்று சொல்லவே முடியாது. ஓரம் கருகும் அளவுக்குச் சுட்டிருந்தேன்.

தடிப்பு வந்தவன்தான் எனக்குத் தூண்டிலில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவன். இனி மீனே தொடமாட்டேன், படகுக்கும் வரமாட்டேன் என்கிறான். சமைத்தது நான். அதனால் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. என்ன நடந்தது, இனி எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

இரண்டு விவரம் தேவை. முதல் மீன் படகில் விழுந்ததிலிருந்து ஐஸ் போட்டது வரை எத்தனை மணி நேரம்? சாப்பிடும்போது யாராவது ருசியில் வேறுபாடு இருப்பதாகச் சொன்னார்களா?

ஆறுபேர் படகு:

9 மணிக்குப் பிடித்தோம், ஐஸ் போடும்போது இரண்டரை. ஐந்தரை மணி நேரம்.

நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. தடிப்பு வந்த நண்பன் முதல் துண்டை வாயில் வைத்ததும், "நாக்கு சுருக்கென்கிறதே, மிளகு அள்ளிப் போட்டாயா?" என்று கேட்டான். நான் மிளகே போடவில்லை. எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த துண்டை அவன் தட்டில் வைத்தேன்.

பழைய துடுப்பு:

தம்பி, அந்த மிளகுக் காரம்தான் விடை.

சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் செத்த பிறகு வெப்பத்தில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பெருகி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமை வரும்போது நம் உடலே சுரக்கும் பொருளும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் சிவப்பு, தடிப்பு, படபடப்பு என்று எல்லாமே ஒவ்வாமையைப் போலத் தோன்றும். உங்கள் நண்பரின் உடல் மீனை எதிர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. மீனோடு சேர்ந்து ஹிஸ்டமினையும் அவர் தின்றிருக்கிறார். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி முதலிய மீன்களில் இந்த ஆபத்து அதிகம்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒருமுறை உண்டான ஹிஸ்டமினை நெருப்பு அழிக்காது. சுட்டாலும் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. பிறகு ஐஸில் வைத்தாலும், உறைய வைத்தாலும் போகாது. மீன் நாறியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே மீனில் ஒரு பகுதியில் அதிகமாகவும் இன்னொரு பகுதியில் குறைவாகவும் இருக்கும். 11 மீனில் கூடையின் நடுவில் புழுங்கிக் கிடந்தது எது, யார் தட்டுக்குப் போன துண்டு எது என்பதைப் பொறுத்து இருவருக்கு வந்தது, நால்வருக்கு வரவில்லை. எனவே உங்கள் சமையலைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். அடுப்பு மூட்டும்போது கெடுதல் நடந்து முடிந்திருந்தது. நாக்கில் சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிட்டு, மீன் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். இதை மட்டும் ஆறு பேரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் 30 ஆண்டுகளாக இப்படிப் போய்வருகிறோம். தொடக்கத்தில் எங்கள் மீனும் குழைந்துதான் போனது. பெட்டியில் மீனை அடுக்கி, மேலே ஐஸ் கொட்டி, மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, எல்லாம் செய்துவிட்டோம் என்று இருப்போம். ஒருநாள் கரைக்கு வந்ததும் ஒரு சூரையைக் கையில் எடுத்தேன். தோல் சில்லென்று இருந்தது. குடலை எடுக்க வயிற்றைக் கீறி விரல்களை உள்ளே விட்டால், முதுகெலும்பை ஒட்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது. நான்கு மணி நேரம் ஐஸுக்குக் கீழே கிடந்த மீன். சூரையின் உடல், உயிரோடு நீந்தும்போதே சுற்றியுள்ள கடல்நீரைவிட வெப்பமானது. தூண்டிலில் சிக்கிப் போராடும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். மேலே கொட்டிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் காற்று. காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து மீன் குளிர்ந்ததா என்று தோலைத் தொட்டு நான் முடிவு செய்வதில்லை.

வழி எளியது. பெட்டியில் இரண்டு பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு சுத்தமான கடல்நீர். அரைத்த மாவுபோல் கலங்கிய அந்தக் குழம்பலுக்குள் மீனை முழுக்க அமிழ்த்திவிடுங்கள். தண்ணீர் மீனின் ஒவ்வோர் அங்குலத்தையும் தொடும். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நன்னீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்றால், கடல்நீர் உறைய ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி வேண்டும். அதனால் உப்புநீர் சேர்ந்த ஐஸ், வெறும் ஐஸைவிடக் குளிராக இருக்கும், ஆனால் கல்லாக இறுகாது. கையை விட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கத் தொடங்கும். அப்படி வலித்தால் சரியாகக் கலந்திருக்கிறீர்கள் என்று பொருள். முதல் தூண்டில் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும். குடிநீருக்கும் பழத்துக்கும் வேறு பெட்டி எடுத்துப் போங்கள்.

அடுத்து, மீனைக் கொல்வது. பலருக்கு இதைப் பேசவே பிடிக்காது. ஆனால் உண்ணப் போகும் மீனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை இது என்று நான் நம்புகிறேன். கூடையில் போட்டால் மீன் பல நிமிடங்கள் துள்ளித் துள்ளி மூச்சுமுட்டிச் சாகிறது. அந்தத் துள்ளலில் தசையில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் தீர்ந்து, அமிலம் ஏறி, சூடும் ஏறுகிறது. நீங்கள் சொன்ன குழைவுக்கு இது பெரிய காரணம். இக்கேஜிமே என்ற ஜப்பானிய முறையில், கூர்மையான ஊசி ஒன்றைக் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், சற்று மேலே, மூளை இருக்கும் இடத்தில் இறக்குவார்கள். சரியான இடத்தில் இறங்கினால் தெரியும். துடுப்புகள் எல்லாம் ஒருகணம் விறைத்து விரியும், வாய் திறக்கும், உடல் நெடுக ஒரு நடுக்கம் ஓடும், பிறகு அப்படியே தளர்ந்துவிடும். இதற்குள் ஒரு வினாடிதான் ஆகியிருக்கும். கை பழகும் வரை, தலையில் மரக்கட்டையால் ஓங்கி ஓர் அடி அடித்தாலும் போதும்.

உடனே செவுளுக்குள் கத்தியை விட்டு வளைவுகளை அறுத்து, கடல்நீர் வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சூரையாக இருந்தால் பக்கத்துத் துடுப்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் பின்னால் தள்ளி, இருபுறமும் ஆழமில்லாமல் ஒரு கீறல் போடுங்கள், அங்கே தோலுக்கு அருகில் இரத்தக் குழாய் ஓடுகிறது. வாளி நீர் முதலில் கருஞ்சிவப்பாகும். ஐந்து பத்து நிமிடத்தில் வடிவது நின்றுவிடும். அதன் பிறகே ஐஸ் பெட்டி. சதைக்குள் தங்கும் இரத்தம் கெடும் வேகமும் அதன் வாடையும் சூரையில் மிக அதிகம். இரத்தம் வடித்த சூரையையும் வடிக்காததையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டிப் பாருங்கள். ஒன்று வெளிர்ச்சிவப்பாகத் தெளிந்திருக்கும், மற்றது ஈரல்போல் இருண்டிருக்கும்.

இவ்வளவையும் 11 மீனுக்கு 40 நிமிடத்தில் செய்ய முடியுமா என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. முடியாது. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். எங்கள் படகில் ஒரு கணக்கு உண்டு: ஐஸ் எவ்வளவோ அவ்வளவே மீன். மீனின் எடைக்குக் குறையாத எடை ஐஸ் இருக்க வேண்டும். வெயில் கடுமையென்றால் இரண்டு மடங்கு. பெட்டி ஐந்து சூரைக்கு என்றால் ஐந்தாவது ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவோம், கடல் எப்படிக் கொதித்தாலும் சரி. மூன்று பேரில் எப்போதும் ஒருவர் தூண்டில் பிடிக்கமாட்டார். மணிக்கு ஒருவர் என்று முறை மாறுவோம். அவருக்குக் கத்தி, ஊசி, வாளி, பெட்டி. வருகிற மீனைக் கொன்று, இரத்தம் வடித்து, குளிருக்குள் இறக்கும் வரை பொறுப்பு அவருடையது. ஒரு மீன் பெட்டிக்குள் போன பிறகே அடுத்த தூண்டில் இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கே. கூட்டம் சூழ்ந்திருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினம்தான். ஆனால் அந்த இடத்தில் நின்றவர் பிடித்த மீனை எல்லாம் மறந்துவிட்டு, ஒவ்வொரு மீனின் கண்ணையும் நிறத்தையும் பார்த்திருப்பார். இரவு சாப்பிடும்போது எது எந்த மீன் என்று அவருக்குத்தான் தெரியும்.

தூண்டில் நரம்பைக் கொஞ்சம் தடிப்பாகப் போடுங்கள். மெல்லிய நரம்பில் அரை மணி நேரம் இழுத்து விளையாடுவதில் பெருமை இருக்கலாம். அந்த அரை மணியும் சதையைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

குடலைக் கரைக்கு வருமுன் கடலிலேயே எடுத்துவிடுவது நல்லது. மீன் செத்த பிறகு குடலில் இருக்கும் சிறு புழுக்கள் சதைக்குள் நகரும். பித்தப்பை உடையாமல் பாருங்கள், உடைந்தால் அந்தக் கசப்பைக் கழுவி எடுக்க முடியாது. திறந்த கடலின் நீரில் கழுவுங்கள். துறைமுகத்துக்குள் வந்த பிறகு அங்குள்ள தண்ணீரைத் தொடவே வேண்டாம். எண்ணெயும் கழிவும் கலந்த அந்த நீரில் கழுவி, அதுவரை பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடல்செவிலி:

நான் செவிலியர். கணவரோடும் அவருடைய நண்பர்களோடும் நானும் தூண்டில் போடப் போகிறவள். ஐயா சொன்ன காரணம் மிகவும் பொருந்துகிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவது, முகமும் கழுத்தும் சிவப்பது, ஒரே வேளையில் ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது, ஒரு நாளுக்குள் அடங்குவது என்று எல்லாம் ஹிஸ்டமின் நச்சையே காட்டுகின்றன. இதற்கு முன் எத்தனையோ முறை மீன் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர் என்பதும் கவனிக்க வேண்டியது.

ஆனாலும் தம்பி, "உனக்கு ஒவ்வாமை இல்லை, வா சாப்பிடு" என்று நண்பரிடம் நீங்களே சொல்லிவிடாதீர்கள். உண்மையான மீன் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாக முடியும். வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். ஒவ்வாமை மருத்துவரிடம் போகட்டும். என்ன மீன், எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தது, யார் யாருக்கு வந்தது, மிளகுபோல் சுருக்கென்றது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அன்றிரவு மருத்துவமனையில் இந்த விவரங்களைச் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மீன் சாப்பிட்டார், தடித்துவிட்டது என்று மட்டும் சொன்னால் ஒவ்வாமை என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். மூச்சுத் திணறினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ காரணம் எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

கூடவே இன்னும் சில. ஐஸால் தடுக்க முடியாத நச்சுகளும் கடலில் உண்டு. வெப்பக் கடல்களின் பவளப்பாறைப் பகுதிகளில், பாசியை ஒட்டி வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கும் நச்சு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகிறது. சிகுவாட்டெரா என்பார்கள். பெரிய சீலா, பெரிய களவா, அஞ்சாலை ஆகியவற்றில் சேரும். மணமும் ருசியும் காட்டிக்கொடுக்காது, சமைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல் உணர்வது இதன் தனி அடையாளம். பாறைப் பகுதியில் பிடித்த மிகப் பெரிய மீனை, அதிலும் அதன் தலையையும் ஈரலையும், நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பேத்தை மீன் தூண்டிலில் வந்தால் நரம்பை அறுத்தாவது திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைச் சுத்தம் செய்யத் தெரியும் என்று நண்பர்களில் யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

கெளுத்தி முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், வலி நன்றாகத் தணியும். சூட்டைக் குத்தாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய கை மரத்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. பிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் நான் படகேறுவதில்லை.

உப்புக்காற்று:

பழைய துடுப்பு ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். அன்றிரவே சாப்பிட்டாக வேண்டும் என்ற வழக்கத்தை மட்டும் கேள்வி கேட்பார் இல்லையே என்று எழுதுகிறேன்.

காலையில் கொன்ற மீன் சில மணி நேரத்தில் பலகைபோல் விறைத்துவிடும். நன்றாகக் கொன்று நன்றாகக் குளிர வைத்திருந்தால் அந்த விறைப்பு தாமதமாக வந்து நீண்ட நேரம் நிற்கும். இரவு நீங்கள் வெட்டும்போது மீன் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும். விறைத்த மீனை நிமிர்த்தி, வளைத்து, துண்டு போட்டால் சதையின் அடுக்குகள் பிளந்து பிரியும். சுடும்போது சாறு முழுவதும் அந்தப் பிளவுகள் வழியே கரியில் சொட்டிவிடும். உங்கள் மீன் எலும்பை விட்டுக் கழன்றதில் இதற்கும் பங்கு இருக்கலாம். அன்றிரவு சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் துண்டு போடாமல் முழு மீனாகச் சுடுங்கள். துண்டாக வேண்டுமென்றால் விறைப்பு தானே விடும் வரை காத்திருங்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பாரையோ களவாவோ கிடைத்தால் குடலும் செவுளும் நீக்கி, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, துணியால் ஈரம் போக ஒற்றி, உறையில் போட்டு ஐஸ் நடுவே ஒரு நாளோ இரண்டு நாளோ வைப்பேன். உருகும் நன்னீர் சதையைத் தொடக் கூடாது, தொட்டால் ஊறிச் சப்பென்று ஆகிவிடும். பெட்டியின் வடிகாலைத் திறந்தே வைப்பேன். இரண்டாம் நாள் அந்த மீனின் ருசி முதல் நாளைவிட ஆழமாக இருக்கும். தசையின் ஆற்றல் பொருள் சிதைந்து, நாக்குக்கு இனிமை தரும் வேறொரு பொருளாக மாறுவதற்கு நேரம் தேவைப்படுகிறது. சூரையையும் மத்தியையும் நான் இப்படிக் காத்து வைப்பதில்லை. அவற்றை அன்றே முடித்துவிட வேண்டும்.

பச்சையாகச் சாப்பிடும் எண்ணம் யாருக்காவது இருந்தால், மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் புழுக்கள் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர் பல, அந்த அளவு குளிருக்குப் போவதில்லை. சமைத்தே சாப்பிடுங்கள்.

ஐஸ் எவ்வளவோ அவ்வளவே மீன் என்றால், மிச்சத்தைத் திருப்பி விடுவதும் ஒழுங்காக நடக்க வேண்டும். 30 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு அழுத்தம். அங்கிருந்து வேகமாக இழுத்த மீனின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய் வழியே பிதுங்கி நிற்கும். அதை அப்படியே மேலே விட்டால் மிதந்து பறவைக்கு இரையாகும். பிதுங்கிய பையை ஊசியால் குத்தவும் கூடாது. மீனின் தாடையைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் எடைக் கொக்கிகள் கிடைக்கின்றன, படகில் ஒன்று இருக்கட்டும். ஆழத்தில் போதுமான மீன் கிடைத்துவிட்டால் அங்கே தூண்டில் போடுவதை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுகின்றன. பெரியதையே தேடித் தேடி எடுத்தால் அந்தப் பாறையில் ஆண்கள் இல்லாமல் போய்விடும்.

ஆறுபேர் படகு:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி.

நண்பன் ஒவ்வாமை மருத்துவரிடம் போனான். அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு முதலில் கேட்டதே ஐஸைப் பற்றித்தானாம். பரிசோதனையில் மீன் ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை. சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அவனைப் படகுக்கு வரவழைக்க இரண்டு வாரம் ஆனது. கத்தியும் பெட்டியும் அன்று முழுவதும் உன்னுடையது, நீ நிறுத்து என்றால் நிறுத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே வந்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனோம். இரண்டு பெட்டி, நீரும் பழமும் தனிப் பையில். முதல் பாரை வந்ததும் ஊசியை அவன் கையில் கொடுத்தேன். முதல் மூன்று மீனில் இடம் தவறியது. கட்டையால்தான் முடித்தோம். நான்காவதில் ஐயா எழுதிய அந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். துடுப்புகள் விரிந்து, அப்படியே அடங்கின. ஆறு பேரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

பதினோரு மணிக்கு மறுபடியும் சூரை வந்தது. இரண்டு ஏறியதும் அவன் கையைக் காட்டினான். பெட்டியில் இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறது என்று ஒருவன் வாதாடிப் பார்த்தான். இவன் பெட்டியின் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். கூட்டம் கால் மணி நேரம் படகைச் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் முறையாக அவற்றைத் தூண்டில் இல்லாமல் பார்த்தோம். முதுகில் இருக்கும் நீலம், தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி ஒளிர்கிறது. கூடைக்குள் நாங்கள் பார்த்திருந்தது வேறு நிறம்.

திறந்த கடலிலேயே குடலை எடுத்தோம். சூரையின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முதுகெலும்பு வரை பனிபோல் இருந்தது. பித்தப்பை ஒன்றை உடைத்துவிட்டேன், அந்தப் பாரையின் வயிற்றுச் சதையை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

அன்றிரவு சூரையை மட்டும் முழுதாகச் சுட்டேன். உப்பைத் தவிர வேறெதுவும் போடவில்லை, நாக்கில் சுருக்கென்றால் உடனே தெரியட்டும் என்று. முதல் துண்டை நான் தின்றேன். சிறிது நேரம் காத்திருந்தோம். பிறகு அவன் ஒரு சிறு துண்டை எடுத்து, நாக்கின் நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "உப்பு மட்டும்தான் தெரிகிறது" என்றான். தட்டை நீட்டினான்.

பாரைகள் உறையில், ஐஸ் நடுவே இரண்டு நாள் இருந்தன. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பேரும் மறுபடி கூடினோம். வேலை நாளில் நாங்கள் கூடியது இத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் முறை. என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பெட்டிக்குள் குழம்பல் மூன்று மணி நேரத்திலேயே நீர்த்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தைய இரவே பெட்டியை ஐஸ் போட்டுக் குளிர வைத்திருக்க வேண்டுமா, அல்லது எங்கள் பெட்டியின் சுவரே போதாதா?

பழைய துடுப்பு:

முந்தைய இரவே குளிர வையுங்கள் தம்பி. வெயிலில் கிடந்த பெட்டி, முதலில் போடும் ஐஸைத் தன் சுவரைக் குளிர்விக்கவே தின்றுவிடும். பாதி ஐஸைப் பெரிய பாளமாக வையுங்கள், பாளம் மெதுவாக உருகும். மீதியை உடைத்துக் கலக்குங்கள். பெட்டி எப்போதும் நிழலில் இருக்கட்டும். மேலே ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். அந்தப் பழைய சாக்கை எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.